33 மணி நேரம், 1,726 கிலோமீட்டர்: வியட்நாமை ரயிலில் நீங்களே சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அதே பயணத்தை ரயிலில் செய்தால் சுமார் 33 மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 52 கிலோமீட்டர். நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்களே இதைவிட வேகமாகப் போகும். முன்கூட்டியே விமான டிக்கெட் போட்டுவிட்டால், ரயிலின் நல்ல பெர்த் கட்டணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம்கூட இருக்காது.

அப்புறம் எதுக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு இவ்வளவு பேர் அந்த ரயிலில் ஏறுகிறார்கள்? கேள்வி நியாயம்தான். இன்ஸ்டா ரீல்ஸில் வரும் ஜன்னல் ஓர வீடியோக்கள் இதற்குப் பாதி பதிலைத்தான் சொல்கின்றன. மீதிப் பதில், எந்த ஊரில் இறங்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கையில் இருப்பது ஐந்து நாள் லீவும் இரண்டு வார இறுதிகளும் என்றால், அந்த முடிவைச் சரியாக எடுத்தால் பயணம் செமயாக அமையும். தப்பாக எடுத்தால் ஒன்பது நாளில் இரண்டு நாள் ரயில் பெட்டியின் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

அது என்ன 'ஒருங்கிணைப்பு' ரயில்?

பிரெஞ்சுக்காரர்கள் 1899-ல் தொடங்கி 1936-ல் முடித்த பாதை இது. 1954-ல் நாடு வடக்கு, தெற்கு எனப் பிரிந்தபோது தண்டவாளமும் துண்டானது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாலங்களும் சுரங்கங்களும் குண்டுவீச்சில் சிதைந்தன. போர் 1975-ல் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களைப் பழுது பார்த்து, 1976 டிசம்பர் 31 அன்று மறுபடியும் ரயில் ஓடியது. அதனால்தான் வியட்நாம் மக்கள் இதைத் 'தோங் நாட்' என்கிறார்கள். ஒன்றுபடுதல் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்கள் 'ரீயூனிஃபிகேஷன் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் தனியாக எந்த ரயிலும் கிடையாது. போர்டில் எஸ்இ1, எஸ்இ2, எஸ்இ3 என்றுதான் இருக்கும். ஒற்றைப்படை எண் என்றால் ஹனோயிலிருந்து தெற்கே போகும் ரயில், இரட்டைப்படை என்றால் வடக்கே வரும் ரயில். இது ஒன்று தெரிந்தாலே ஸ்டேஷனில் பாதிக் குழப்பம் தீரும்.

பாதை இன்னும் மீட்டர் கேஜ்தான். பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரில் ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் ஊருக்குப் போன கதையை அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருந்தால், அந்தக் குலுக்கல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் புரியும்.

முதல் பொறி: 'எங்க வேணா இறங்கி ஏறலாம்'

பேக்பேக்கிங் என்றதும் நாம் கற்பனை செய்வது இதைத்தான். ஒரு டிக்கெட், பிடித்த ஊரில் இறங்குவது, இரண்டு நாள் கழித்து அடுத்த ரயிலில் ஏறுவது. ஐரோப்பாவின் ரயில் பாஸ் கதைகளைக் கேட்டு வந்த எண்ணம். வியட்நாமில் இது நடக்காது. ஹனோய்–சைகோன் டிக்கெட் வாங்கி நடுவில் ஹுவேயில் இறங்கினால், அந்த டிக்கெட்டின் கதை அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட். அதில் ரயில் எண், பெட்டி, பெர்த், உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கும்.

அதாவது, இந்தப் பாதையில் சுதந்திரத்தைத் துண்டு துண்டாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். என் யோசனை இதுதான்: இரவு ரயில்களை மட்டும் ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். தங்குமிடம், சாப்பாடு, எந்தக் கோயிலுக்கு என்றைக்குப் போவது போன்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணி, மூன்று மணி நேரப் பகல் பயணங்களுக்கு இருக்கைகள் பெரும்பாலும் முந்தைய நாள்கூடக் கிடைக்கும். நான்கு பெர்த் கேபின்தான் முதலில் தீரும்.

பதிவு செய்ய வியட்நாம் ரயில்வேயின் சொந்தத் தளம் இருக்கிறது. அங்கே உங்கள் கார்டு வேலை செய்யவில்லை என்றால் 12கோ, பாவ்லாவ் மாதிரியான ஏஜென்ட் தளங்கள் உண்டு. கமிஷன் சேரும். கமிஷன் வேண்டாம் என்றால் ஸ்டேஷன் கவுன்ட்டரிலேயே வாங்கலாம். ஊர்ப் பெயரை வாயால் சொல்லாமல், போனில் எழுதிக் காட்டுங்கள். நாம் 'நா ட்ராங்' என்று படிக்கும் ஊரை அவர்கள் கிட்டத்தட்ட 'ந்யா சாங்' என்கிறார்கள். ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறும் மொழி அது.

எந்தத் துண்டு ரயிலுக்கு ஏற்றது?

ஹனோய்–ஹுவே, 688 கிலோமீட்டர், 13 முதல் 14 மணி நேரம். இதை இரவில் முடித்துவிடுங்கள். ஒரு நாள் ஹோட்டல் செலவும் மிச்சம். குகைகள் பிடிக்கும் என்றால் அதற்கு முன்பே டோங் ஹோயில் இறங்கி ஃபோங் நா போகலாம். டோங் ஹோயைத் தாண்டியதும் ரயில் பென் ஹாய் ஆற்றைக் கடக்கிறது. 17-வது அட்சக்கோட்டை ஒட்டி இருபது ஆண்டுகள் இரண்டு நாடுகளைப் பிரித்துவைத்த ஆறு இது. கண் இமைத்தால் தவறவிடும் அளவுக்குச் சின்னப் பாலம்.

அடுத்தது ஹுவே–டா நாங். இந்த ஒரு துண்டுக்காகவே ரயிலில் போகலாம். வெறும் 103 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஹாய் வான் மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில், பாறையை ஒட்டி ரயில் ஊர்ந்து போகும். கீழே அலை, மேலே காடு. ஹாய் வான் என்றால் கடலும் மேகமும். பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. இந்த மலைதான் வடக்குக் குளிரைத் தெற்கே வரவிடாமல் தடுக்கிற சுவர். அதனால் ஹுவேயில் தூறிக்கொண்டிருக்கும்போதே டா நாங்கில் சுள்ளென வெயில் அடிப்பதும் உண்டு.

தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடது பக்கம் வரும். பகல் ரயிலில், சாதாரண இருக்கை வகுப்பில், இடது ஜன்னல். இதற்குப் பெர்த் வாங்குவது வீண், படுத்தால் ஒன்றும் தெரியாது. 2024 மார்ச்சில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் தனியாக ஒரு பாரம்பரிய ரயில் சேவையையே தொடங்கினார்கள். தொடங்கியபோது கட்டணம் 1.5 லட்சம் டாங். லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் மதிப்பில் சுமார் 500 ரூபாய்.

பேருந்தில் போனால் இதெல்லாம் கிடைக்குமா? கிடைக்காது. 2005-ல் மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைச் சுரங்கம் திறந்துவிட்டார்கள். பேருந்து அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். அந்தச் சுரங்கம் பாதையைச் சுருக்கியது, காட்சியையும் சேர்த்து.

பைக்கில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹாய் வான் கணவாயை பைக்கில் ஏறுவதுதான் வியட்நாம் பயணத்தின் உச்சம் என்று யூடியூப் முழுக்கச் சொல்கிறார்கள். 2008-ல் பிபிசியின் 'டாப் கியர்' குழு அங்கே பைக் ஓட்டியதிலிருந்து தொடங்கிய மோகம். வாடகைக் கடைகளில் பலர் லைசென்ஸே கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், வியட்நாம் ஏற்பது 1968-ம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. நம்ம ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி புத்தகம்தான், ஆனால் அங்கே செல்லாது. போலீஸ் பிடித்தால் அபராதம் என்பது சின்ன விஷயம். விபத்து நடந்தால், செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டியதைக் காரணம் காட்டி டிராவல் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம். எலும்பு முறிவுக்கு வெளிநாட்டில் அறுவை சிகிச்சை என்றால் பில் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பாருங்கள். 'எல்லாரும் ஓட்டுறாங்களே' என்பது அந்த பில்லைக் கட்டாது.

கணவாயின் மேலே ஏறியே ஆக வேண்டும் என்றால், உள்ளூர்க்காரர் ஓட்டும் பைக்கின் பின்சீட்டில் போகிற வசதி ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் இருக்கிறது. இல்லையா, அந்த இடது ஜன்னல் போதும்.

டா நாங்குக்குத் தெற்கே

டா நாங் ஸ்டேஷன் ஒரு முட்டுச்சந்து மாதிரி. ரயில் உள்ளே வந்து, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த வழியிலேயே திரும்பி வெளியேறும். அதனால் அதுவரை முன்னோக்கிப் பார்த்த இருக்கை, பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடும். ரயில் தப்பான திசையில் போகிறதோ என்று பதற வேண்டாம்.

விளக்குகள் தொங்கும் ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர், கிராப் டாக்ஸி பிடித்துவிடலாம். அங்கிருந்து மி சோன் போய் வருவது அரை நாள் வேலை. சம்பா மன்னர்கள் சிவனுக்காக எழுப்பிய செங்கல் கோயில்கள் அங்கே இருக்கின்றன. நம் தொல்லியல் துறை அங்கே மறுசீரமைப்பு வேலை செய்தபோது, 2020-ல் ஒரே கல்லால் ஆன பழைய சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. பன்னிரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைத்தவர்கள், இன்னும் தெற்கே தாப் சாம் ஸ்டேஷனிலும் இறங்கலாம். பெயருக்கே 'சாம் கோபுரம்' என்றுதான் பொருள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குன்றில் போ க்ளோங் கராய் கோயில் இருக்கிறது. அது பாழடைந்த சின்னம் இல்லை, சாம் இந்துக்கள் இன்றும் வழிபடுகிற இடம்.

நா ட்ராங் கடற்கரை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்பது நாள் பயணத்தில் அதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. கடற்கரைக்காக டா நாங்கைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

நாலு பெர்த்தா, ஆறு பெர்த்தா?

நான்கு வகை இருக்கிறது: கடின இருக்கை, மெத்தை இருக்கை, ஆறு பேர் படுக்கும் கேபின், நான்கு பேர் படுக்கும் கேபின். 'ஹார்டு ஸ்லீப்பர்', 'சாஃப்ட் ஸ்லீப்பர்' என்ற பெயர்களைப் பார்த்து மெத்தையில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறோம். உண்மையான வித்தியாசம் தலைக்கு மேலே இருக்கும் இடம். ஆறு பெர்த் கேபினில் மேல் தட்டில் உட்காரவே முடியாது, நேராகப் படுக்கைக்குள் நுழைய வேண்டியதுதான். விலை அங்கேதான் குறைவு. ஒரே கேபினிலேயே கீழ் பெர்த்துக்கு ஒரு விலை, மேல் பெர்த்துக்கு வேறு விலை. நாளைப் பொறுத்தும் மாறும்.

கீழ் பெர்த் வாங்கினால் பகலில் மற்றவர்களும் அதில் உட்காருவார்கள். நமக்கு இது புதுசா என்ன? ஆனால் இது தெரியாமல் முறைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

தலையணை, போர்வை கொடுப்பார்கள். புறப்படும் ஸ்டேஷனில் ஏறினால் துவைத்தது கிடைக்கும். நடுவழியில் ஏறினால் முன்னால் படுத்தவர் மடித்துவைத்ததே உங்களுக்கும் வரலாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மெல்லிய வேட்டியோ துப்பட்டாவோ பையில் இருந்தால் பிரச்சினையே இல்லை. டிஷ்யூ பேப்பர் கட்டாயம்.

தனியாகப் போகும் பெண்கள் கவனிக்க வேண்டியது: கேபின்களில் பொதுவாக ஆண், பெண் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. கதவை உள்ளே தாழிடலாம், ஆனால் உள்ளே யார் இருப்பார்கள் என்பது ஏறிய பிறகுதான் தெரியும். பெரும்பாலும் குடும்பங்களும் மாணவர்களும்தான் இருப்பார்கள். மேல் பெர்த் கொஞ்சம் தனிமை தரும். கேபின் சரிப்படவில்லை என்று தோன்றினால், பெட்டிக்கென இருக்கும் ஊழியரிடம் மாற்றித் தரக் கேட்கலாம். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனிஷியல் பிரச்சினை

இது நமக்கே நமக்கான தலைவலி. வியட்நாம் இ-விசா ஆன்லைனில் எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை கொடுக்கிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர். நிராகரித்தாலும் பணம் திரும்ப வராது. இதே பெயரில் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும். அரசுத் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி.விஎன்' என்று முடியும்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிந்து நடுவில் வந்திருக்கும். ஆதாரில் எப்படி இருக்கிறது, ஆபீஸில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. பாஸ்போர்ட்டின் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் இருக்கும் எழுத்துகள், அதே வரிசை. விமான டிக்கெட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் அதேதான். ஒரு எழுத்து மாறினாலும் சென்னையிலோ திருச்சியிலோ செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்த முடியும். அப்போது போவது விசா பணம் மட்டுமில்லை, முழுப் பயணமும்தான்.

தேதியையும் கவனியுங்கள். விசாவில் இருக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவு விமானங்களில் இந்தக் குழப்பம் எளிதில் வரும். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாப்பாடும் டாங்கும்

ரயிலில் தள்ளுவண்டி வரும். சோறு, கறி, சூப். பெரும்பாலும் பன்றி அல்லது கோழி. பெட்டியின் ஓரத்தில் கொதிநீர்க் குழாய் இருக்கும், கப் நூடுல்ஸ் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். சைவம் என்றால் 'ஆன் சாய்' என்று சொல்ல வேண்டும். வெறும் காய்கறி என்று சொன்னால் மீன் சாறு ஊற்றியே தருவார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. அமாவாசையை ஒட்டிய முதல் நாளும் பௌர்ணமியும் அங்கேயும் பலர் கறி சாப்பிடாத நாட்கள். புத்த மடாலயங்கள் நிறைந்த ஹுவேயில் சைவ உணவகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பணத்தில் சுலபக் கணக்கு: ஒரு லட்சம் டாங் என்றால் 340 ரூபாய் சுற்றி. 20 ஆயிரம் நோட்டும் 5 லட்சம் நோட்டும் நீல நிறச் சாயலில் ஒன்று போலத் தெரியும். இரவில் டாக்ஸிக்குக் கொடுக்கும் முன் பூஜ்யங்களை எண்ணிவிடுங்கள்.

எப்போது போகக் கூடாது?

இரண்டு காலங்கள். ஒன்று, டெட் எனும் சந்திரப் புத்தாண்டு. ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். நம்ம தீபாவளிக் கூட்டம்தான், ஆனால் ஒரு வாரத்துக்கும் மேல் நீளும். டிக்கெட்டே கிடைக்காது.

இரண்டாவது, அக்டோபர், நவம்பர். மத்திய வியட்நாமில் புயலும் வெள்ளமும் வரும் மாதங்கள். ஹுவே, ஹோய் ஆன் இரண்டுமே ஆற்றங்கரை ஊர்கள், தெருக்களில் படகு ஓடும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஓரிடத்தில் மண் சரிந்தாலே வடக்கு தெற்குப் போக்குவரத்து நின்றுவிடும். மழைக்காலத்தில்தான் இது நடக்கும் என்றும் இல்லை. 2024 ஏப்ரலில், நா ட்ராங்குக்கு வடக்கே பாய் ஜோ சுரங்கத்தில் மண் சரிந்து பாதை பத்து நாள் போல அடைபட்டது. பயணிகளை இறக்கி, பேருந்தில் ஏற்றி, மறுபக்கத்தில் வேறு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள்.

அதனால் ஊர் திரும்பும் விமானம் இருக்கும் நாளின் காலையில் வந்து சேருகிற ரயிலை ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள். நடுவில் ஒரு இரவு வேண்டும்.

ஒன்பது நாளில் இப்படி

ஹனோயில் இறங்கி, சைகோனிலிருந்து கிளம்புகிற மாதிரி விமான டிக்கெட் போடுங்கள். போன வழியே திரும்பி வருவதில் ஒரு முழு நாள் போய்விடும். சனி, ஞாயிறு ஹனோய். ஞாயிறு இரவு ரயில், திங்கள் காலை ஹுவே. புதன் காலை இடது ஜன்னலில் டா நாங், அங்கிருந்து நேராக ஹோய் ஆன். வியாழன் மி சோன். வெள்ளி பிற்பகல் டா நாங்கில் ரயில் ஏறினால், 935 கிலோமீட்டர் கடந்து சனிக்கிழமை சைகோன். ஞாயிறு விமானம்.

அந்தச் சனிக்கிழமையில் நேரம் இருந்தால் பென் தான் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தொழில் செய்ய வந்த தமிழர்கள் கட்டியது. இன்று வரிசையில் ஊதுபத்தியோடு நிற்பவர்களில் பெரும்பாலானோர் வியட்நாமியர்கள்.

ஐந்தே நாள்தான் இருக்கிறது என்றால்? சைகோனை விட்டுவிடுங்கள். ஹனோய், ஒரு இரவு ரயில், ஹுவே, அந்த மூன்று மணி நேரக் கடலோரப் பாதை, டா நாங்கிலிருந்து விமானம். 1,541 கிலோமீட்டருக்கு, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் புதிய அதிவேகப் பாதை போட வியட்நாம் நாடாளுமன்றம் 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2035-க்குள் முடிப்பது இலக்கு. அதுவரை நகரம் விட்டு நகரம் போக இந்த மீட்டர் கேஜ் பாதைதான்.